மாமன் கையால் முதல் சோறு

26 நவம்பர் 2003, புதன்

குளிர் ஆரம்பம். கல்கத்தாவில் எங்கள் ஜாதவ்பூரே குரங்குக் குல்லாய்க்குள். நமக்கு இது குற்றாலச் சாரலுக்குக் காணாது.

காலை கஞ்சி அரை டம்ளர். மதியம் ஒன்றுமில்லை. ராத்திரி மோர்.

இறங்குபவை: கஞ்சி, மோர், தெளிவு ரசம், கரைத்த தயிர்சாதம் (கதவைச் சாத்திக்கொண்டு).
இறங்காதவை: சப்பாத்தி, லூச்சி (இவர்களுடைய மைதா பூரி), பொரி, கடலை, மாத்திரை எதுவும்.
சந்தேகம்: இட்லி. திருநெல்வேலிக்காரனுக்கு இட்லி சந்தேகம். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

பூஜை விடுமுறைக்கு முன்னால், பாங்க் வாசலில் ஜால்முரி. காரப்பொரியில் கிடந்த ஒரு தேங்காய்க் கீற்று குறுக்கே போய் மூச்சை அடைத்தது. இருமவும் முடியவில்லை. கூட வேலை பார்க்கும் கோஷ்தா முதுகில் ஓங்கி அறைந்தார், வெளியே வந்து விழுந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கோஷ்தா மிச்சப் பொரியைத் தின்று முடித்தார். அன்று சாயங்காலமே அதை மறந்தும் விட்டார். என்னால் முடியவில்லை.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். வெள்ளைக் குழம்பு குடிக்கவைத்துப் படமும் எடுத்தார். ஒன்றுமில்லையாம். ஒரு மனநல டாக்டரின் பெயரைச் சீட்டில் எழுதித் தந்தார். பர்ஸில் வைத்திருக்கிறேன். போகவில்லை.

28 நவம்பர், வெள்ளி

செக் கிளியரிங் தாமதம். மானேஜர் முகம் கடுகடு.

ஒரு மணி ஆனால் இந்த ஊரில் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. 'கேயேச்சோ?' சாப்பிட்டாயா. இல்லை என்றால் விடமாட்டார்கள், டிபனைத் திறந்து ஊட்டியே விடுவார்கள். வயிறு சரியில்லை என்று ஒருநாள் சொன்னேன். உடனே பிரிவு முழுக்க வைத்தியர்கள். காஸ், அம்பல் (புளித்த ஏப்பம்), லிவர். ஒருத்தர் ஹோமியோபதி உருண்டை கொடுத்தார். அது மட்டும் கரைந்துவிடுகிறது.

இன்று கோஷ்தா பாதி லூச்சியை நீட்டினார். எனக்குத் தொண்டை இறுகிக் காது அடைத்தது. விரதம் என்று சொல்லிவிட்டேன். கார்த்திகை மாசம், பகலில் சாப்பிடமாட்டோம் என்றேன். அப்படியே கையை இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை வேறு. இது முன்னாலேயே தோன்றாமல் போயிற்றே.

வாங்க: அரிசி நொய், பல்பு, பெல்ட் (இருப்பதில் ஓட்டை தீர்ந்துவிட்டது).

30 நவம்பர், ஞாயிறு

மேகமூட்டம். துணி காயவில்லை.

சால்ட் லேக்கிலிருந்து மீனா அக்கா போன். வருகிற ஞாயிறு அவள் பிள்ளை புபாய்க்கு முகே பாத், அதாவது முதல் சோறு. மறந்துவிடாதே என்றாள். மறப்பதா. ஒரு மாசமாக அதே நினைப்புதான்.

இவர்கள் வழக்கப்படி குழந்தைக்கு முதல் சோற்றைத் தாத்தாவோ தாய்மாமனோதான் ஊட்ட வேண்டும். அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால், ஊரை விட்டு நகர முடியாது. அத்தான் வங்காளி, அவர் பக்கத்துச் சொந்தம் ஒரு பஸ் கொள்ளும். எங்கள் பக்கம் மாமன் நான் ஒருத்தன்.

நம் ஊரில் காது குத்த மாமன் மடி. இங்கே சோறூட்ட மாமன் கை. காது குத்தினால் அழும், அதோடு சரி. ஆறு மாசக் குழந்தையின் தொண்டை எவ்வளவு இருக்கும்? என் சுண்டுவிரல்கூட நுழையாது. ஒரு பருக்கை குறுக்கே போனால்? என் தொண்டையையே நம்ப முடியவில்லை. அவன் தொண்டைக்கு நான் எப்படிப் பொறுப்பு?

2 டிசம்பர், செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

நேற்று நான் கவுண்டரில் இருந்தபோது அக்கா ஆபீசுக்கு போன் பண்ணியிருக்கிறாள். கோஷ்தா எடுத்திருக்கிறார். உன் தம்பி பெரிய பக்திமான், பகல் முழுக்க விரதம் என்று அளந்துவிட்டார். அக்கா அதை மாமியாரிடம் (நான் கூப்பிடுவது மாஷிமா) சொல்ல, மாஷிமா தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: மாமன் குழந்தைக்காக விரதம் இருக்கிறான்.

இன்று மாஷிமாவே போன். அழுதார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாமனா என்று. ஞாயிறன்று ஊட்டி முடித்ததும் குழந்தை பக்கத்திலேயே நான் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க விரதத்தை முடிக்க வேண்டுமாம். எனக்கென்று தனிச் சமையல். லூச்சி, ஐந்து வகை வறுவல், கடலைப்பருப்பு (அதில் தேங்காய்த் துண்டு போடுவார்கள், கடவுளே), தக்காளிச் சட்னி, புது வெல்லப் பாயேஷ், அதாவது பாயசம்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைக்கப் போகிறது. அதுதான் கஷ்டம்.

5 டிசம்பர், வெள்ளி

ஆபீஸ் மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்தேன். அரை லூச்சி வாங்கி வந்து சின்னதாகப் பிய்த்து மென்றேன். மென்று மென்று கூழாகிவிட்டது. விழுங்கு என்கிறேன், தொண்டை கேட்கவில்லை. வியர்த்துக் கொட்டியது. காகிதத்தில் துப்பினேன்.

பிறகு பஸ்ஸில் எச்சில் விழுங்கவே பயம். எச்சில் விழுங்குவதை ஒருமுறை கவனிக்க ஆரம்பித்தால் தொலைந்தது. கரியாஹாட்டில் இறங்கி நடந்தே வந்தேன்.

ஞாயிறு தப்பிக்க வழிகள்: ஜுரம். ஆடிட். ஆசான்சோல் கிளையில் அவசர வேலை. ஒன்றும் எடுபடாது. மாமன் வராவிட்டால் அக்காவுக்கு அந்த வீட்டில் தலைகுனிவு. நம் பக்கம் நாதியில்லை என்று ஆகிவிடும்.

செத்துப்போவோம் என்று நிஜமாகவே நம்புகிறேனா? பகலில் இல்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் ஆமாம்.

7 டிசம்பர், ஞாயிறு. காலை

வெயில். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் போட்டுக் கட்டியாயிற்று. 9 மணி பஸ்.

மாலை

நடந்தது நடந்தபடி.

புபாய்க்கு நெட்டிக் கிரீடம், நெற்றியில் சந்தனப் பொட்டு, பட்டு வேட்டி. என் மடியில் வைத்தார்கள். சங்கு, குலவை. சுற்றிலும் ஐம்பது தலை. வெள்ளிக் கரண்டி நுனியில் பாயேஷ் எடுத்தேன், பருக்கை இல்லாத இடமாகப் பார்த்து. இவ்வளவுதானா என்றார் மாஷிமா. இன்னும் கொஞ்சம் எடுத்தேன். வாயைத் திறந்தான். வைத்தேன்.

சப்பினான். முகம் சுளித்தான். இருமினான்.

அவ்வளவுதான், எனக்குக் கண் இருட்டியது. குழந்தையைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டித் தண்ணீ தண்ணீ என்று கத்தினேன். தமிழில். கிரீடம் உருண்டு ஓடியது. குலவை நின்றது. இருமல் அதற்குள் தானாகவே அடங்கியிருக்கிறது. நான் கத்தியதில்தான் அவன் வீறிட்டான். அக்கா வந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் தோளில் இரண்டு விக்கல். பிறகு கரண்டியைப் பார்த்து மறுபடி வாயைத் திறந்தான் பயல். எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

மிச்சத்தை அக்கா ஊட்டினாள். நான் ஊட்டவில்லை.

உடனே எனக்கு வெண்கலத் தட்டு. மாஷிமா விசிறியோடு எதிரில். குளிரில் எதற்கு விசிறி, மரியாதைக்கு. ஒரு துண்டு லூச்சி வாயில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது. எல்லார் கண்ணும் என் கன்னத்தில். எழுந்து பாத்ரூமுக்கு ஓடினேன். துப்பினேன். பின்னாலேயே அக்கா.

"எத்தன மாசமாடா?"

"பூஜைக்கு முன்னாலேருந்து."

"வெரதம்?"

"பொய்யிக்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றளவு பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்:

"புபாய் தூங்கும்போது மூக்குல வெரல வச்சு மூச்சு வருதான்னு பாக்கேன். தெனமும். அவன் அப்பாட்டகூடச் சொல்லல. நீ கத்துனப்ப வீட்டுல எனக்கு மட்டும் சிரிப்பு வரல."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதாள். நானும். வெளியே லூச்சி ஆறுகிறது என்று மாஷிமாவின் குரல்.

அக்கா முகம் கழுவிக்கொண்டு போய், எங்கள் ஊரில் விளக்கு வைத்த பிறகுதான் விரதம் முடிக்க வேண்டும், அவன் பயத்தில் மறந்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யையும் நம்பிவிட்டார்கள். எல்லாவற்றையும் அடுக்குச் சட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். கீழ்வீட்டில் கொடுத்துவிட்டேன்.

கிளம்பும்போது பர்ஸில் இருந்த சீட்டை அக்காவிடம் காட்டினேன். வியாழக்கிழமை தானும் வருவதாகச் சொன்னாள்.

8 டிசம்பர், திங்கள்

கழுத்தெல்லாம் வலி. கோஷ்தா கேட்டார், விரதம் முடிந்ததா. அது விரதமே இல்லை, அந்த ஜால்முரிக்குப் பிறகு விழுங்கப் பயம் என்று சொல்லிவிட்டேன். எந்த ஜால்முரி என்றார். நினைவுபடுத்திச் சொன்னேன். டிபன் டப்பாவை மூடி வைத்தார். பிறகு காஸாகத்தான் இருக்கும் என்றார்.

11 டிசம்பர், வியாழன்

அரை நாள் லீவு. அக்கா புபாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். காத்திருக்கும் அறையில் எல்லாரிடமும் போனான்.

டாக்டர் அம்மாள், வயது ஐம்பது இருக்கும். நிறையக் கேட்டார். தொண்டையில் குறை இல்லை, இறுக்குவது பயம், ஒதுக்க ஒதுக்க அது பெரிசாகும் என்றார். இதெல்லாம் எனக்கே தெரியும், தெரிந்து என்ன பிரயோஜனம் என்றேன். சரிதான் என்றார். அடுத்த வாரம் எனக்கு ரொம்பப் பிடித்த தின்பண்டம் ஒன்று கொண்டுவர வேண்டும். அவர் முன்னால் சாப்பிட வேண்டும்.

என்ன கொண்டுவருவீர்கள் என்று கேட்டார். கஞ்சி என்றேன்.

அது பிடிக்குமா என்றார். இல்லை. வேறு? யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. இறங்கும் இறங்காது என்றுதான் எல்லாம் வரிசையாக வந்தது. எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. அந்த அறையில் அதற்குத்தான் அதிகமாகப் பயந்தேன்.

13 டிசம்பர், சனி

பனிமூட்டம், பத்து மணிவரை. பாங்க் அரை நாள்.

இரண்டு நாளாக யோசித்தும் வரவில்லை. கடைசியில் அக்காவுக்கு போன். எனக்கு என்னக்கா பிடிக்கும் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"முறுக்குடா. ஒரு தூக்கு முறுக்க ஒத்தையில திம்பியே."

முறுக்கு. உலகத்தில் எத்தனையோ இருக்கிறது. அல்வா இருக்கிறது.

லேக் மார்க்கெட்டில் நம்மவர் கடையில் ஒரு பாக்கெட். வியாழன்வரை பிரிக்க வேண்டாம் என்றுதான் வாங்கினேன். பிரித்துவிட்டேன். உடைத்தால் எல்லாப் பக்கமும் முனை. சின்னத் துண்டு ஒன்று வாயில் போட்டேன். கடித்தேன், காதுக்குள் சத்தம். எள், ஓமம். ஆமாம், எனக்கு இது பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்.

இன்னும் வாயில்தான் இருக்கிறது. எழுதிக்கொண்டே இருந்தால் விழுங்க வேண்டாம், அதனால் எழுதுகிறேன். மாவாகிவிட்டது. எழுத வேறு எதுவும் இல்லை. பேனாவை வைக்கிறேன்.