நெடுங்கேணி மல்லனைப் பத்துத் தரம் பார்த்தேன்

அம்மன் துணை

விசுவமடு,
9.6.1964

அன்புள்ள அப்புத்துரை மச்சானுக்கு,

வீரகத்தி எழுதுவது. யாரையும் பிடித்து எழுதுவித்த கடிதம் அல்ல. கமலாசனி ரீச்சரின் முதியோர் வகுப்பில் ஆறு மாதம் இருந்து, அறுபத்திரண்டு வயதில் என் கையாலேயே எழுதுகிறேன். இவ்வளவு எழுத ஒரு சரை வெற்றிலை முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக் கொட்டகைக்குப் பகல் காட்சிக்குப் போய், நீரே எடுத்து நீரே நடித்த "நெடுங்கேணி மல்லன்" பார்த்தேன். அறுபது வயதில் இருபத்திரண்டு வயது மல்லனாக வர வேறு யாருக்குத் துணிவு வரும்! நீர் தொடுவதற்கு முன்னரே ஒன்பது பேர் பறந்து விழுந்தார்கள். மூன்றாவது பிடியில் உமது பொய்முடி எதிராளியின் கையில் இருந்தது. அடுத்த காட்சியில் தலையில் இருந்தது. மந்திரமும் தெரிந்த மல்லன். நீர் கழுத்தை நெரித்த சிறுத்தை உமது முகத்தை நக்கி வாலாட்டியது. அப்படி ஒரு சிறுத்தையை இந்த வன்னியில் நான் கண்டதில்லை.

உம்மிடம் தோற்கும் கெட்டவனுக்கு என் பெயரையே வைத்தீர். பெரிய அன்பு. நெடுங்கேணியில் இரண்டு வீரகத்தி இருந்ததால் என்னைத் "தோத்த வீரகத்தி" என்றார்கள். என் மகள் விமலேஸ்வரியைத் "தோத்தவற்றை மேள்" என்றார்கள். அந்தப் பெயரிலிருந்து தப்பத்தான் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்தக் குடியேற்றத்துக்கு வந்து காடு வெட்டினேன். இங்கே வெறும் வீரகத்தியாக இருந்தேன். படம் வந்த மறுநாளே பழைய பெயர் பஸ் ஏறி வந்துவிட்டது.

தொடக்கத்தில் "இது உண்மைக் கதை" என்று, என் பெருவிரல் அடையாளம் உள்ள கடதாசியைக் காட்டுகிறீர். உமது மில்லில் முப்பத்தெட்டு வருடமாகக் கண்ணாடிக்குள் தொங்கும் அதே கடதாசி. நான் எழுத்துக்கூட்டி "வீரகத்தி ஆகிய நான்" வரை வருவதற்குள் அது மறைந்துவிட்டது. இன்னொரு தரம் போவேன்.

உமது மச்சான்,
வீரகத்தி

*

நெளுக்குளம்,
14.6.1964

அன்பு மச்சான் வீரகத்திக்கு,

உமது கடிதத்தை மில்லில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் ரசனை உயர்ந்தது. வவுனியாவில் படத்தை மூன்றாம் நாளே தூக்கிவிட்டார்கள். கிளிநொச்சியில் மட்டும் இடமில்லாமல் சனம் நிற்கிறது என்று கொட்டகைக்கார நஜீம் எழுதியிருக்கிறார். ஆனால் நான் அழும் இடத்திலும் சிரிக்கிறார்களாம். ஏனென்று விளங்கவில்லை.

பழையதை மனதில் வைத்திருக்காதேயும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று பின்னேரம் நாம் மல்லுக்கு நின்ற வயலுக்குள் யானை புகுந்து, சனம் சிதறி ஓடிவிட்டது. முடிவை ஒருவரும் காணவில்லை. நீர் விரல் வைத்த கடதாசி இல்லாவிட்டால் என் வெற்றியை யார் நம்புவார்கள்?

30ஆம் திகதி படத்தின் இருபத்தைந்தாம் நாள். நான் கிளிநொச்சிக்கு வருகிறேன். தோற்றவர் கையாலேயே மல்லனுக்கு மாலை விழுந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! வருவீரா?

அன்புடன்,
அப்புத்துரை

*

விசுவமடு,
21.6.1964

அன்புள்ள மச்சானுக்கு,

ஏழு தரம் பார்த்துவிட்டேன். உமது வசனமெல்லாம் எங்கள் ஊரில் இப்போது பாடம். சனம் ஆனந்தத்தில் சிரிக்கிறது, வேறொன்றும் இல்லை.

ஒவ்வொரு தரமும் கடதாசியில் இரண்டு மூன்று சொல் கூடுதலாகப் பிடிக்கிறேன். நேற்று "இன்று நடந்த மல்லில் தோற்றேன் என ஒப்புக்கொள்கிறேன்" வரை வந்தேன். மற்றவர்கள் வாயால் கேட்டதை முதல் தரம் என் கண்ணால் வாசித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னால் முடியவில்லை. நீர் அதை நீட்டியபோது, "மல்லுக்குப் பேர் பதியிற கடுதாசி மச்சான், விரலை வையும்" என்றீர். வைத்தேன். நீர் மல்லாந்து கிடக்க, உமது நெஞ்சில் என் முழங்கால் இருந்தபோதுதான் யானை வந்தது. அந்த யானையைப் படத்தில் காணவில்லை. சிறுத்தைக்கு வந்த நாயையே யானையாக்கவும் முடியாதுதானே.

மாலை போடுகிறேன். ஒரேயொரு ஆசை. அன்றைக்கு மட்டும் அந்தக் கடதாசியை, ஒரு கிழவன் வாசித்து முடிக்கும் மட்டும் திரையில் நிறுத்தி வையும்.

வீரகத்தி

*

நெளுக்குளம்,
25.6.1964

மச்சான்,

முழங்கால் கதையை நீர் இன்னும் விடவில்லையா? போகட்டும். கடதாசியைத் தனியாகப் படம் பிடித்து, கண்ணாடிச் சிலைட்டாகவே செய்வித்துவிட்டேன். விரும்பிய நேரம் நிற்கும். மேடையில் ஏறி நீரே உரத்து வாசியும். தோற்றவர் தன் வாயால் சொன்னால் அதற்கு மேல் சாட்சி எதற்கு?

அப்புத்துரை

*

விசுவமடு,
5.7.1964

அப்புத்துரைக்கு,

30ஆம் திகதி நீர் திரைக்குப் பின்னால் இறங்கிப் போனதால் மிச்சத்தைப் பார்த்திருக்கமாட்டீர். அதனால் எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதுகிறேன். அவ்வளவு சந்தோஷம்.

உண்மையைச் சொல்கிறேன். கடைசி வரிகளை ஒன்பதாம் தரமே வாசித்துவிட்டேன். பத்தாம் தரம் வந்தது உமக்காக. முன்வரிசையில் இருந்த பதினெட்டுப் பேரும் எங்கள் வகுப்பு. நான் ஒரு சொல் வாசிக்க, அவர்கள் அதையே சேர்ந்து வாசித்தார்கள். "தோற்றேன்" வந்ததும் நீர் மாலையோடு கை தட்டினீர். "காணும் மச்சான், காணும்" என்று அதோடு நிறுத்தப் பார்த்தீர்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் முப்பத்தெட்டு வருடமாக அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் மெதுவாக வாசிப்பவன். கடைசி எழுத்து வரை போகாமல் விடமாட்டேன். "1926 மே மாதம் 23ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை" என்று வாசித்தேன். பதினெட்டுப் பேரும் "ஞாயிற்றுக்கிழமை" என்றார்கள்.

எங்கள் வகுப்பு இராசமலர் அக்காதான் முதலில் எழும்பினா. "பொறுங்கோ, வற்றாப்பளைப் பொங்கல் எண்டைக்கும் திங்களெல்லே? ஞாயித்துக்கிழமை இந்த மனிசன் எப்பிடித் தோத்தது?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்புத்துரை அண்ணை, மல்லுக்கு முதல் நாளே வெண்டிட்டியளோ?"

நீர், "எழுதினவன் நாளைப் பிழையாப் போட்டிட்டான்" என்று கத்தினீர். அதற்குக் கீழேயும் ஒரு வரி இருந்ததே. எங்கள் வகுப்பு அதையும் விடவில்லை. "எழுதியவர், அப்புத்துரை."

அதற்குப் பிறகு கொட்டகையில் எழுந்த சிரிப்பு போல உமது படம் முழுவதிலும் ஒரு சிரிப்பு வந்ததில்லை. வீட்டுக்கு வந்து விமலேஸ்வரிக்குச் சொன்னேன். அவள் குசினிக்குள் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். சின்ன வயதில் அவள் கிணற்றடிக்குப் போகப் பயந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

படம் இன்னும் ஓடுகிறது. நஜீம் அந்தச் சிலைட்டைக் கடைசியில் போடுகிறார். சனம் சேர்ந்து வாசித்துவிட்டுத்தான் எழும்புகிறது. உமக்குப் புகழ் வேண்டும் என்றீர், வந்துவிட்டது.

மில்லில் தொங்கிய கடதாசியைக் கழற்றிவிட்டீர் என்று கேள்விப்பட்டேன். அது சரியில்லை. மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பவும் வேண்டாம், நான் மன்னிக்கிற யோசனையில் இல்லை. அதைத் திரும்பத் தொங்கவிடும். நெல்லுக் குத்த வருகிறவர்கள் வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர் எவராவது வந்தால் எனக்கு ஒரு தபாலட்டை போடும். முதல் பஸ்ஸிலேயே வந்து வாசித்துக் காட்டுகிறேன்.

வீரகத்தி