வாய்விட்டுக் கூப்பிட ஒரு பெயர்

மரக்காணம்,
12.5.2026, செவ்வாய்.

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, மாடு, உப்பு எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளை டெக்லனும் உன் மாமியாரும், முக்கியமாக என் பேரனும் சௌக்கியமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். உன்னோடு நர்ஸ் வேலை பார்க்கும் மேரிசெல்வி லீவு முடிந்து வியாழக்கிழமை அயர்லாந்துக்குக் கிளம்புகிறாள். அவள் பையில் இதைப் போட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதாய். மாப்பிள்ளையின் அப்பா பெயரான லோர்கனைக் குழந்தைக்கு வைக்கப்போவதாகச் சொன்னதிலிருந்து அப்பா பதினோரு நாளாக உன்னோடு பேசவில்லை என்றும், அவருக்காக வேறு பெயர் வைத்துவிடுகிறோம் என்றும் சொன்னாய். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம். வருகிற ஞாயிறு தொட்டிலில் போடும்போது லோர்கன் என்றுதான் பெயர் வைக்க வேண்டும். முடிவு பண்ணியாகிவிட்டது.

நீ அனுப்பிய வேறு பெயர்களின் பட்டியலை நானும் பார்த்தேன். பக்கத்து வீட்டு வேலம்மாளுக்கும் வாசித்துக் காட்டினேன். "ஃபின்டன் நல்லாருக்குதுக்கா, வெள்ளைன்னு அர்த்தமாமே, நம்ம உப்பாட்டம்" என்றாள். நல்ல பெயர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லோர்கன் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன் கடலுக்குப் படகோடு போய்த் திரும்பாத உன் மாமனார் இருக்கிறாரே. மாப்பிள்ளை வீட்டில் தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய பழைய கெல்டிக் மொழிப் பெயர்தானாம். வெளியில் இங்கிலீஷ் பெயர் வைத்துக்கொண்ட காலத்திலும் வீட்டுக்குள் அதைத்தான் கூப்பிட்டார்களாம். அப்படிக் காப்பாற்றி வந்ததை நம்மால் விட்டுப்போனது என்று இருக்கக் கூடாது. சின்ன முரடன் என்று அர்த்தம் எழுதியிருந்தாய். முரட்டுத்தனத்துக்கு நம் பக்கத்திலிருந்தும் சீதனம் உண்டு, கவலைப்படாதே.

உன் அப்பாவுக்குக் கோபம் என்று நினைக்கிறாய். கோபமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. வெட்கம். உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று சொல்கிறேன். பிள்ளை பிறந்த அன்றே, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், ஜெயப்பிரகாஷ் கடையில் எட்டுக்குப் பத்து ஃப்ளெக்ஸ் அடித்து ஈ.சி.ஆர். முனையில் கட்டிவிட்டார். நீ வாட்ஸப்பில் அனுப்பிய குழந்தை படம், பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு இவர், கீழே உப்பளத்து ஆட்கள் பதினாறு பேர். குழந்தைக்கு இவர் பெயரையே போட்டு, முன்னால் ஜூனியர். மறுநாள் நீ லோர்கன் என்கிறாய். டீக்கடையில் ஆளாளுக்கு "ஏம்பா, ஜூனியர் எப்டி இருக்கிறான்?" என்று கேட்க, இவர் வாயைப் பூட்டிக்கொண்டார்.

நேற்று காலையில் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது அவரைப் பிடித்தேன். உங்க பேரு யாரு பேரு என்றேன். எங்க தாத்தா பேரு என்றார். எந்தத் தாத்தா என்றேன். "எங்கப்பாவப் பெத்தவரு" என்று சொல்லிவிட்டு, வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். தலைச்சன் பையனுக்கு அப்பனைப் பெத்தவர் பேரு, அதுதான் நம்ம வழக்கம், அவங்களுதும் அதேதானாம், இதுல உங்க பேரு எங்கேயிருந்து நுழையுது என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "முப்பத்தொரு வருஷமா உங்க பேர நான் சொன்னதில்ல. பேங்க்ல கேட்டாக்கூட வேலம்மாளத்தான் சொல்லச் சொல்றேன். பேரனுக்கும் அதையே வெச்சா, நான் அவன எப்டிக் கூப்புடறது?" என்று கேட்டுவிட்டேன். பலகையைக் கீழே போட்டார். இத ஏன் மொதல்லயே சொல்லல என்றார். நீங்க கேக்கலியே என்றேன்.

சாயங்காலம் கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவரே சைக்கிளில் போய் ஃப்ளெக்ஸை அவிழ்த்து வந்து உப்புக் குவியல்மேல் போர்த்தினார். படம் உள்பக்கம். நல்ல கனமான ஃப்ளெக்ஸ், ஒரு கைப்பிடி உப்புகூட நனையவில்லை.

சத்யா, புருஷன் பெயரைச் சொல்லாதே என்று யாரும் என்னை அடித்து வைக்கவில்லை. நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். இத்தனை எழுதியும் இந்தக் கடிதத்தில் எழுதக் கை வரவில்லை பார். உனக்கு அது வேண்டாம். மாமனார் பெயராயிற்றே என்று தம்பி, கண்ணு என்று மழுப்பாதே. உன் மாமியார் காதில் விழும்படி கூப்பிடு. அந்த வீட்டில் இரண்டு வருஷமாக அந்தப் பெயரை யாரும் கூப்பிடவில்லை. அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது.

மேரிசெல்வியிடம் திருஷ்டி சுற்ற நம் அளத்து உப்பும், குழந்தை கைக்கு வசம்பு வளையலும் கொடுத்திருக்கிறேன். விளக்கு வைத்த பிறகு வசம்பு என்று சொல்லாதே, பேர் சொல்லாத மருந்து என்று சொல். இந்த ஒன்றையாவது கேள்.

ஞாயிறு போனைக் குழந்தை காதோரம் வை. மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டும். முதலில் உன் அப்பா, பிறகு நான். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன், பயந்து அழுதால் அழட்டும். இந்தத் தை போய் அதற்கடுத்த தை மாதம் பாத்தி கட்டும்போது எல்லாரும் இங்கே வந்துவிடுங்கள். அவன் வரப்பில் ஓட வேண்டும், இந்தக் கோடியிலிருந்து நான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நூறாண்டு நன்றாக இருக்கட்டும் என் ராசா.

உன் அம்மா,
திரௌபதி.

கீழே இரண்டு வரி இடம் விடச் சொன்னார் உன் அப்பா. மேலே எழுதியதைப் படிக்கக் கூடாது என்று கையால் மறைத்துக்கொண்டு காகிதத்தைக் கொடுக்கிறேன்.

சத்யா, பேர் நல்ல பேர். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம் சொல்லு.
இப்படிக்கு, லோர்கன் தாத்தா,
கன்னியப்பன்.