வாசல்வரைக்கும் சித்தி

சித்தி,

இன்று காலை வண்டியில் ஏறும்போது கால் பெருவிரல் சேலையின் ஃபால்ஸில் மாட்டி, ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டுப்போயிற்று. கூட வந்த நர்ஸ் அக்கா, "ஊக்கு குத்திக்கோ, வீட்டுக்குப் போய் தெச்சுக்கலாம்" என்றார். மாந்தளிர் நிறச் சேலையில் நீல நூல் தையல். நிறத்துக்கேற்ற நூல் இல்லையென்றால் கையில் இருப்பதை வைத்து முடித்துவிட்டு, "உள்பக்கத்த எவ பாக்கப் போறா" என்று கேட்கிற ஆள் முத்தியால்பேட்டையிலேயே நீங்கள் ஒருவர்தான். நாள் முழுக்க அந்த ஊக்கு கணுக்காலில் உரசிக்கொண்டே இருந்தது.

உங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது நீங்கள் சோறு தண்ணீரையே விட்டிருந்தீர்கள். மில்லில் வேலை பார்த்த கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, தெருக்காரர்கள் குழாய்த் தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது. மகள்தான் பயந்துபோய் எங்களுக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று முரண்டு பிடிப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது எங்கள் குழுவின் வேலை. மனநல டாக்டர், நர்ஸ் அக்கா, உளவியல் படித்த ஒரு தம்பி, சமூகப் பணியாளரான நான். வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாக நடந்து வருவோம். கும்பலாக வந்தால் தெரு திரும்பிப் பார்க்கும்.

நர்ஸ் அக்கா உங்கள் செம்பிலேயே தண்ணீர் மொண்டு, உங்கள் கண்முன்னால் மடக் மடக்கென்று குடித்துக் காட்டிவிட்டுத்தான் உங்கள் கையில் கொடுத்தார். டாக்டர் மாத்திரை எழுதினார். தம்பி பொறுமையாக உட்கார்ந்து பேசினான். எனக்கு வந்து சேர்ந்தது வேறு வேலை. நோயைவிடத் தெருதான் உங்களுக்குப் பெரிய பயம்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிலேர்ந்து வராங்கன்னு தெரிஞ்சா எம் பொண்ண எவன் கட்டுவான்? யாராவது கேட்டா உன்ன யாருன்னு சொல்றது?"

"உங்க அக்கா பொண்ணுன்னு சொல்லுங்கம்மா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. பல வீடுகளில் சொல்லிப் பழகிய பதில்.

அன்றிலிருந்து நான் விழுப்புரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா மகள் ஆனேன். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி "சித்தி, இருக்கியா?" என்பேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும், "ராத்திரி தூங்கினீங்களாம்மா?" என்பேன். கொஞ்சம் தேறிய பிறகு நீங்கள் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வீர்கள். "வாசல்வரைக்கும் சித்தி, உள்ள வந்தா அம்மாவா? நல்ல சொந்தம்டி இது!" எதிர்வீட்டு அம்மாள் எனக்கும் சேர்த்துக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார். நானும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன். பக்கத்துத் தெரு டெய்லரிடம் பேசி உங்களுக்கு ஃபால்ஸ் தைக்கும் வேலை வாங்கிக் கொடுத்தபோது அவரும் என்னை அக்கா மகள் என்றுதான் நினைத்திருந்தார்.

ஆபத்து நீங்கியதும் மாத்திரைக்கு ஆஸ்பத்திரியில் காட்டும்படி ஏற்பாடு செய்துவிட்டு நாங்கள் விலகிக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. விலகினோம்.

அப்புறம் ஒருநாள் போன் செய்தீர்கள். "பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்குது. நான் தாலி அறுத்தவ, முன்னால நிக்க வுடமாட்டாங்க. உன் அக்கா பொண்ணுதான வரிசத் தட்டு எடுக்கணும்னு தெருவே சொல்லுது. வந்துடு, இன்னா?"

"வரேம்மா."

"போன்லயும் அம்மாதானா?" என்று சிரித்தீர்கள்.

குழுவில் சொன்னேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் ஒன்றுதான் கேட்டார்: "இந்தப் பொய்ய இன்னும் எவ்ளோ தூரம் இழுக்கப் போறீங்க?" நியாயமான கேள்விதான். மாப்பிள்ளை வீட்டார் என் அம்மா பேரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், ஒன்றுகிடக்க ஒன்றானால் கல்யாணமே நின்றுபோகும். ஆனால் நேரில் வந்து உங்களிடம் இதைச் சொல்லியிருக்கலாமே! தட்டு எடுக்க வேறு ஆளைப் பார்க்க உங்களுக்கு அவகாசமாவது கிடைத்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. நிச்சயத்தன்று ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டில், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. உங்கள் நம்பர். நின்றது. மறுபடி அடித்தது. துண்டை மடித்தேன். வெட்கங்கெட்டவள் நான்.

பிறகு உங்கள் தெருப் பக்கமே வரவில்லை. வேலையில் அந்த வழியாகப் போக நேர்ந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போவேன். நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டதாக மகள் சொன்னபோதுதான் மறுபடி அந்த வாசலை மிதித்தேன். கூட்டத்தின் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் வந்தேன். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார்.

"வா மகராசி! பெத்தவளுக்குச் சமானம்டி சித்தி. நல்லதுக்கு வராதவ, கெட்டதுக்காச்சும் வந்தியே!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். "அக்கா பொண்ணு வந்துட்டா, வழி வுடுங்க. வாய்க்கரிசி போடட்டும்."

நான் யாரென்று சொல்லிவிடலாம். மகளைப் பார்த்தேன். புகுந்த வீட்டார் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அரிசியை அள்ளினேன். உயிரோடு இருந்தபோது தாம்பாளம் ஏந்த வராத கை, சித்தி. பாதி அரிசி கீழே கொட்டிவிட்டது.

எல்லாம் முடிந்து மகள் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். அவளும் ஏசப் போகிறாள் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் தேவலை.

"நிச்சயத்தன்னிக்கு எல்லாரும் உங்களக் கேட்டாங்கக்கா. அம்மாதான், 'நான் வாய்த்துடுக்கா அவள ஏசிப்புட்டேன், கோச்சிகினு போய்ட்டா. தப்பு எம் மேலதான், அவள ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னு சொல்லிச்சு. கடைசிவரைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்லிகினு இருந்துச்சு."

பீரோவைத் திறந்து இந்தச் சேலையை எடுத்துத் தந்தாள். "தட்டு எடுக்க வரப்ப நீங்க கட்டிக்கணும்னு எடுத்தது. ஃபால்ஸ் கூட அம்மாவே தெச்சிது."

மற்றவர்களின் வீட்டு ரகசியத்தைக் காப்பாற்றுவது என் படிப்பு, என் சம்பளம். நீங்கள் ஒரு படிப்பும் இல்லாமல் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போனீர்கள். உங்களை ஏசியவர்கள் எத்தனை பேரோ. அக்கா பெண்ணையே அண்டவிடாத வாயாடி என்ற பேரோடுதான் தெரு உங்களைத் தூக்கிப்போனது. அது என்னால் வந்த பேர். அதை அழிக்க வேண்டுமானால் உங்கள் நோயைச் சொல்ல வேண்டும். நீங்கள் கட்டிக் காத்ததை நான் அவிழ்க்க முடியாது. ஆகவே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், அது உறுத்துகிறது.

இன்று போனது தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர் வீட்டுக்கு. மகன் நாள்கணக்கில் அறைக்குள் தாழ்போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா வாசலிலேயே என்னை நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "நாலு பேர் கேட்டா உங்கள யாருன்னு சொல்லட்டும்?"

பழைய பதில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிலேர்ந்து சுகர் பாக்க வராங்கன்னு சொல்லுங்கம்மா" என்றேன். அதுவும் பொய்தான். ஆனால் சுகர் பார்க்க வந்தவளை யாரும் தட்டு எடுக்கக் கூப்பிடமாட்டார்கள்.

வரும் வழியில் நீல நூல் வாங்கினேன். விட்டுப்போன இடத்தை இப்போதுதான் தைத்து முடித்தேன். உங்கள் தையல் மாதிரி வரவில்லை, கோணல்மாணலாக இருக்கிறது. உள்பக்கம்தானே என்று விட்டுவிட்டேன். மடியில் சேலையைப் போட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

உள்ளேதான் இருக்கிறேன், கதவும் சாத்தித்தான் இருக்கிறது, சித்தி.