மூன்றாவது பாட்டிலில் இரண்டு கரண்டி

2025 மே 6, செவ்வாய்

காலையில் சாளை வாங்கினேன். கண் சிவந்து போன பழைய மீன். விற்றவள் முகத்தை ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

பேத்தி ஸ்டெபி இன்று என்னைத் தன் ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இவள் அம்மா, என் மகள் விஜிலா, மஸ்கட்டில் நர்ஸ். பிள்ளையை வளர்த்தது நான். கெமிஸ்ட்ரி படித்தாள், அதற்கும் மேலே படித்து டாக்டர் ஆனாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நாலு வருஷமாகக் கடல் தண்ணீரை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். அதில் பார்க்க என்னளா இருக்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

இன்று கண்ணால் பார்த்தேன். ஒரு சின்ன பாட்டில் கடல் தண்ணீரில் என்னவோ இரண்டு மருந்து விட்டாள். உள்ளே பழுப்பாக மேகம் கிளம்பி மெல்ல அடியில் இறங்கியது. இன்னொன்று விட்டாள், மேகம் கரைந்து பால் விடாத கட்டன்சாயா நிறம். பிறகு சோற்றுக்கஞ்சி மாதிரி ஒன்று. உடனே மை மாதிரிக் கருநீலம்! நீளமான கண்ணாடிக் குழாயில் இருந்து சொட்டு சொட்டாக எதையோ இறக்கினாள். ஒரே ஒரு சொட்டில் அவ்வளவு நீலமும் போய்விட்டது. வெறும் தண்ணீர்.

"எத்தனை சொட்டு இறங்குச்சோ, அவ்வளவு மூச்சு இந்தத் தண்ணியில இருந்திருக்கு ஆச்சி. மீன் எடுக்கிற மூச்சு" என்றாள்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. கடற்கரையில் பிறந்தவள். கடலுக்குள் மூச்சு இருக்கிறது என்றும், அதை எண்ணலாம் என்றும் இன்றைக்குத்தான் தெரியும்.

மே 9, வெள்ளி

கோயில் வாசலில் ஹில்டாவைப் பார்த்தேன். பேசவில்லை. என் வீட்டுக்காரர் பவுலின் தங்கச்சி அவள். அவர் சங்கு குளிக்கப் போய் மேலே வராத அன்றைக்கு, 1984 பிப்ரவரி 17, அதுவும் வெள்ளிக்கிழமைதான், ஊரே நிற்கையில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "காய்ச்சலோட கிடந்தவனை நீதானே அனுப்பினே." கையில் பச்சை வளையல் போட்டிருந்தாள். இடது கையை நீட்டிச் சொன்னாள்.

மே 12, திங்கள்

தடைக்காலம். விசைப்படகு எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. ஸ்டெபி ரெக்சனின் வல்லத்தில் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். ரெக்சன் ஹில்டாவின் மகன். இவளுக்கு வேறு வல்லம் கிடைக்கவில்லையா?

மாதம் ஒரு தரம், அதே ஆறு இடம். ஆபீஸ் வண்டி நாளைக்குத்தான் வருமாம். அதனால் பாட்டில் பெட்டி நம் வீட்டு உள் அறையில், நிழலில். இடத்துக்கு இரண்டு பாட்டில். சிவப்பு டேப் ஒட்டினதில் விஷம் கலந்திருக்கிறது. தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதற்குள் எதையும் மாற்றிவிடாமல் இருக்க. நீல டேப் வெறும் தண்ணீர், உப்பு பார்க்க. உப்பு அளக்கக் கடலுக்குள் இறக்குகிற கருவி ரிப்பேருக்குச் சென்னை போயிருக்கிறது. அதனால் இந்த மாதம் பாட்டில்தான் எல்லாம்.

"மூணாம் நம்பர் எந்த இடம்ளா?"

"தாத்தா குளிச்ச பார், ஆச்சி."

முத்துச்சிப்பி கிடக்கிற அந்தப் பாறைத் தரையில்தான் அவர் கடைசியாக இறங்கினார்.

பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. ஜூன் 20-ம் தேதி பெரிய ஆட்கள் வந்து இவள் வேலையைப் பார்க்கிறார்களாம். புதிதாக எதுவும் இல்லை என்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்று இவளுக்கு மேலே உள்ள ஜெயகணேஷ் சார் சொல்லிவிட்டார். மூடினால் இவளுக்கு வேலை இல்லை.

மே 13, செவ்வாய்

ஈஸ்டர் ராத்திரி மந்திரித்த தண்ணீர் பாதி பாட்டில் வைத்திருக்கிறேன். வல்லத்துக்குத் தெளிக்கிறோம், வலைக்குத் தெளிக்கிறோம், இஞ்சினுக்குக் கூடத் தெளிக்கிறோம். இவள் தொழிலுக்கு வேண்டாமா?

ஸ்டெபி குளிக்கப் போனதும் நீல பாட்டில் ஆறையும் திறந்தேன். கழுத்து வரை இருந்தது, கொஞ்சம் கொட்டிவிட்டு மந்திரித்த தண்ணீரை ஊற்றினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. மூன்றாவதில் இரண்டு. சிவப்பைத் தொடவில்லை, நான் ஒன்றும் கூறு கெட்டவள் இல்லை. மூடிகளை இறுக்கித் துடைத்து வைத்தேன். பத்து மணிக்கு வண்டி வந்தது.

மனசு லேசாக இருக்கிறது.

மே 28, புதன்

மாதாவே!

ஸ்டெபி செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். "ஆச்சி, உப்பு குறைஞ்சிருக்கு! ஆறு இடத்துலயும். தாத்தா பார்ல எல்லாத்தையும் விடக் குறைவு. கடலுக்கு அடியில இருந்து நல்ல தண்ணி ஊறுதோ என்னவோ!" அப்படி ஊறுகிற இடங்கள் உலகத்தில் உண்டாம். ஜெயகணேஷ் சார் இவள் கையைப் பிடித்துக் குலுக்கினாராம், நாலு வருஷத்தில் முதல் தரம்.

அவர் மூச்சு நின்ற இடத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. கேட்டேன், மாதா கொடுத்துவிட்டாள். அங்கேயே முழங்கால் போட்டேன். எழுந்திருக்க ஸ்டெபிதான் கை கொடுத்தாள்.

ஜூன் 2, திங்கள்

பிள்ளை முகம் சரியில்லை. "சிவப்பு பாட்டிலையும் பார்த்துட்டேன் ஆச்சி. அதுல ஒண்ணுமே குறையல. ஒரே இடம், ஒரே நேரம். கடல் ரெண்டு பேச்சு பேசாது. யாராவது பெட்டியைத் தொட்டாங்களா?"

"ரெக்சனைக் கேளு. ஹில்டா பெத்த பிள்ளைதானே" என்றேன். அவளும் போன் போட்டாள். போனுக்கு வெளியிலேயே கேட்டது ரெக்சன் சத்தம்.

"ஏளா, நான் எதுக்கு உன் தண்ணியைத் தொடுதேன்? நடுக்கடல்ல நின்னுக்கிட்டு எனக்குத் தண்ணிப் பஞ்சமா?"

"இல்ல சித்தப்பா, சும்மா கேட்டேன்..."

"சும்மாவா கேக்க? இனிமே வேற வல்லம் பாத்துக்கோ."

நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஸ்டெபி தாளை விரித்து வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். "எல்லாத்துலயும் கிட்டத்தட்ட நூத்துக்கு ரெண்டு குறையுது. மூணாவதுல மட்டும் நாலு. அதெப்படி, அளந்து ஊத்தின மாதிரி..."

அளந்து ஊத்தின மாதிரி.

ஐயோ, என் கரண்டி. நல்ல தண்ணியும் இல்ல, ஊத்தும் இல்ல. நான் ஊத்தினதுளா அது. மாதா குடுத்தான்னு முழங்கால் போட்டேனே, என் கை போட்டதுக்கா? சொன்னா பிள்ளை வேலை போயிரும். சொல்லாட்டி? நாலு பேரு நாளைக்கு அங்கன போய் இறங்கிப் பாப்பாங்க, ஒண்ணும் இருக்காது, பொய் சொன்னவன்னு இவ பேரு நாறும். அந்த ரெக்சன் வேற. ஒண்ணும் செய்யாத பையன்.

கரண்டியைத் தனியாக எடுத்து வைத்தேன்.

ஜூன் 4, புதன்

சொல்லிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். தாளை மடித்து வைத்தாள். பிறகு, "எத்தனை கரண்டின்னு இப்போ சொல்லாத ஆச்சி. கரண்டியை எடு. மிச்சத் தண்ணியையும் எடு" என்றாள்.

என்னை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். மந்திரித்த தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்த்தாள். கரண்டியில் எவ்வளவு பிடிக்கும் என்று தராசில் வைத்துப் பார்த்தாள். தாளில் கணக்குப் போட்டாள். நான் ஸ்டூலில், குற்றவாளி மாதிரி.

"நாலு பாட்டில்ல ஒவ்வொரு கரண்டி. மூணாவதுல ரெண்டு. அஞ்சாவதுல கரண்டி நிறையல, முக்கால்தான் இருக்கும்."

அஞ்சாவது பாட்டிலுக்கு விடும்போது வாசலில் பால்காரர் கூப்பிட்டார், கை ஆடிக் கொஞ்சம் தரையில் சிந்தியது. நானே மறந்துபோனது! நான் எதையும் மறக்கிறவள் இல்லை. மூன்று வாரம் கழித்துத் தண்ணீர் சொல்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்கு நான் சொன்னால்தான் தெரியும். இவளுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. என் பிள்ளையா இது? என் மடியில் மூக்கு ஒழுகிக் கிடந்ததா இது?

"மூணாவதுல மட்டும் ஏன் ஆச்சி ரெண்டு?"

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு அவருக்கு."

தராசைத் துடைத்தாள். துடைத்த தராசையே மறுபடியும் துடைத்தாள்.

ஜூன் 5, வியாழன்

ஜெயகணேஷ் சாரோடு ஸ்டெபி போனில் பேசினாள். சிவப்பைக் காட்டாமல் நீலத்தை மட்டும் காட்டலாம், ஜூன் 20 முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாராம்.

"முடியாது சார். எங்க ஆச்சி ஊத்தின தண்ணியைக் கடல்னு நான் எழுத மாட்டேன்."

அவர் என்ன சொன்னாரோ. போனை வைத்துவிட்டு, "வேலை போனா போகட்டும், உனக்குச் சாளை ஆய்ஞ்சு தாரேன்" என்றாள். அவளுக்கு மீன் ஆயத் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

ஹில்டா வீட்டுக்குப் போனேன்.

"வாங்க மைனி. வழி ஞாபகம் இருக்கா?" வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ரெக்சன் இருக்கானா?"

இருந்தான். அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், பாட்டிலில் மந்திரித்த தண்ணீர் விட்டது நான், பழி போட்டதும் நான் என்று. அவன் சிரித்த சிரிப்பில் வலை ஊசியைக் கீழே போட்டான். "அத்தை, என் வல்லத்துக்கும் அதே தண்ணியைத்தானே தெளிச்சோம்! அதான் மீனே சிக்க மாட்டேங்குது!"

ஹில்டா சிரிக்கவில்லை. "மைனி, அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"அது உன் பாடு. இன்னைக்கு நான் என் தப்பைச் சொல்ல வந்தேன்" என்றேன்.

காப்பி கொடுத்தாள். சர்க்கரை கூடுதல். குடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

நாலு வருஷக் கணக்கையும் வைத்து, இந்த ஆறு பாட்டில் ஏன் கணக்கில் சேராது என்பதையும் மறைக்காமல் சொன்னாளாம். ஜெயகணேஷ் சார் குனிந்தபடியே இருந்தாராம். சிரிப்பார்கள் என்று பயந்தேன். கோவாவில் இருந்து வந்த ஒரு அம்மா மட்டும் கேட்டாளாம்: "அஞ்சாவதில் முக்கால் கரண்டி என்று எப்படிக் கண்டுபிடித்தாய்? போர்டில் போட்டுக் காட்டு." முக்கால் மணி நேரம் அதையே பேசினார்களாம்.

முடிவு தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

முடிவு இன்னும் தெரியவில்லை. ஸ்டெபி சாளை ஆயக் கற்றுக்கொண்டாள். செதில் எல்லாம் சுவரில்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் ரெக்சன் பெட்டியைத் தூக்கி வந்து உள் அறையில் வைத்தான். ஆபீஸ் வண்டி வழக்கம்போல நாளைக்குத்தான்.

பெட்டியோடு ஒரு அச்சடித்த தாள் வந்திருக்கிறது. தண்ணீர் எடுத்தவர், கொண்டு வந்தவர், வைத்திருந்தவர் என்று கட்டம் கட்டமாக. ஸ்டெபியே எழுதிக் கொடுத்து அடித்த தாளாம், இனி எல்லா இடத்திலும் இதுதானாம். மாதத்துக்கு ஒன்று வீதம் மூன்று வருஷத்துக்கு முப்பத்தாறு தாள் கட்டாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்டெபி கையெழுத்துப் போட்டாள். ரெக்சன் போட்டான். மூன்றாவது கட்டத்தை என் பக்கம் திருப்பினாள்.

அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினவள் நான். ரேஷன் கடையில் கூட விரல்தான் வைக்கிறேன். முழுப் பெயரும் எழுதினேன்: ப. ரோஸ். நேரம் பதினொன்று நாற்பது.

பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. 'பாட்டில் திறக்கப்பட்டதா?'

பேனாவை நன்றாக அழுத்தி, இல்லை என்று எழுதினேன்.