மரத்தூள் புகாத பெட்டி

ஜூன் 16, செவ்வாய்

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மணி பதினொன்றரை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்..."

இதோடு நிக்குது கடிதம். நல்ல தாள் இல்லை, அதான் டைரியிலேயே வரைவு. அடிச்சிரலாம். எதுக்கு மன்னிப்பு? பகல்ல உக்காந்து எழுத எனக்கு யாரு நேரம் குடுத்தா?

வெளிய சாரல். பாப்பா துணி மூணு நாளா காயல. வீடு பூரா ஈர வாடை.

விஷயம் இதான். மர மில்லுல ஏழு கம்ப்யூட்டர். ஏழும் மரத்தூளத் தின்னே சாகுது. சனிக்கிழமை சனிக்கிழமை கழட்டி, ப்ளோயர் அடிச்சு, மாட்டுறது நான். போன வாரம் பில் சீட்டு (நாங்க உக்காந்து பில் போடுற எடம்) மெஷினுக்குள்ள ஒரு கைப்பிடி தேக்குத் தூள். இனி தாங்காது. ஏழையும் மாத்தணும்.

எதை வாங்கலாம்னு பாத்துச் சொல்லுன்னு முதலாளி என்கிட்டத்தான் சொன்னார். அது பிரசவத்துக்குப் போறதுக்கு முன்னாடி. திரும்பி வந்தா கணேசன் கையிலயும் ஒரு லிஸ்ட். அவன் முதலாளியோட மச்சினர் மகன், தென்காசியில கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். ஏழு புது கம்ப்யூட்டர் போடுவானாம், பராமரிப்பும் அவனேயாம். அப்ப சிஸ்டம் வேலை அவனுக்கு. எனக்குப் பழையபடி பில் சீட்டு. "பிள்ளைக்காரிக்கு அது போதும்லா?" என் காதுபடச் சொன்னான்.

நான் சொல்றது தின் கிளையன்ட். சாப்பாட்டு டப்பா அளவு பெட்டி. ஃபேன் இல்ல, ஹார்ட் டிஸ்க் இல்ல. தூள் போக வழி இல்ல. வேலை பூரா பின் ரூம்ல, கண்ணாடிக் கதவுக்குள்ள, ஒரே ஒரு சர்வர்ல நடக்கும். மேஜையில தெரியறது அதோட முகம் மட்டும். மதுரைக் கம்பெனி ரெண்டு பெட்டியும் ஒரு சர்வரும் ஒரு வாரம் பாக்கச் சொல்லி அனுப்பிருக்கு. அடுத்த செவ்வாய் எடுத்துட்டுப் போயிருவாங்க.

பாக்க வேண்டியது:
– பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பிடிக்குதா (மூணு காப்பி பில் இல்லாம முதலாளிக்கு உசுரு இல்ல)
– தமிழ் டைப்பிங்
– ஒரு பெட்டி செத்தா வேற மாட்ட எத்தனை நிமிஷம்
– பாப்பா சிரப் தீந்திருச்சு, வாங்கணும்

ஜூன் 17, புதன்

காலைல வெயில், பத்து மணிக்கு மறுபடி சாரல்.

ரெண்டு பெட்டியும் ரெண்டு பில் சீட்டுல. பிரிண்டர் ஒரு மணி நேரம் மொரண்டு பிடிச்சுது. கேபிள் மாத்துனதும் கரகரன்னு அடிச்சுது. அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையா இருக்கும்னு நெனைக்கல.

மதியம் ஒரு வேடிக்கை. முதல் சீட்டுல பாதி பில் போட்டுட்டிருந்தேன். அத்தை போன், பாப்பா சாப்பிட மாட்டேங்கா. பேசிட்டு வரதுக்குள்ள என் சீட்டுல ஆள். கூட பில் போடுற பாத்திமாவோட ரெண்டாவது சீட்டுல உக்காந்து என் பேரு போட்டேன். விட்ட வரியிலயே நிக்குது பில்! பாத்திமா நாற்காலிய விட்டு எந்திரிச்சிட்டா. "ஏட்டி, இது பேய் மாதிரில்லா ஒன் பின்னாலயே வருது!"

எனக்கு அதான் வேணும். நடுவுல எந்திரிச்சா வேலை தொலையாத ஒரு மெஷின். பிள்ளைக்காரி கேக்குற மெஷின்தான், ஆமா. அதுக்கென்ன?

சாயங்காலம் கணேசன் வந்தான். பெட்டியத் தூக்கிப் பாத்து, "இதுக்குள்ள என்ன இருக்கு, முறுக்கா?"

"ஒங்க மெஷினுக்குள்ள இருக்கது இதுல இல்ல. தூளு."

பாத்திமா இருமுற மாதிரி சிரிச்சா.

ஆனா ஜெயிச்சது அவன்தான்னு தோணுது. முதலாளி தினமும் விடியக்காலைல ஐந்தருவிக் குளியல். அங்கன தலைல தண்ணி விழும்போது என்ன முடிவோ அதான் முடிவு, ஆபீஸ்ல வந்து மாத்த மாட்டார். லாரி வாங்குனது, பழைய மேனேஜர அனுப்புனது, எல்லாம் அருவியிலதான். கணேசன் இப்ப தினமும் கூடப் போறானாம், எண்ணெய் தேச்சு விடுறானாம். ஆம்பளைங்க பக்கம் நான் எங்க போய் நிக்க? அதான் கடிதம்.

அத்தைகிட்டச் சொன்னேன். கீரை ஆஞ்சுக்கிட்டே, "அவன் முதுகத் தேச்சு வாங்குதான், நீ எழுதி வாங்கு"ன்னுட்டாங்க. வேலைய விடுன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன்.

ஜூன் 18, வியாழன்

பாப்பாவுக்குக் காய்ச்சல். ஏழே முக்காலுக்கு அத்தை போன், மேலு கொதிக்குதுன்னு. பேச்சியப்பன் அண்ணாச்சி (கணக்குப் பாக்குறவர்) சொந்தக்காரக் கல்யாணத்துக்கு வீரகேரளம்புதூர் போயிட்டார். கடைசி ஆள் நான். சாமி விளக்கு, மெயின் ஆஃப், பூட்டு, சாவி வாட்ச்மேன்கிட்ட. ஸ்கூட்டர்ல நனைஞ்சுக்கிட்டே டாக்டர் வீடு. நூத்தி ரெண்டு. சிரப். ஈரத்துணி பத்து. பாப்பாவோட அப்பா தூத்துக்குடியில இருந்து மணிக்கொரு தரம் போன், "இப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவு"ன்னு. எறங்குனதும் எழுதுறேன்.

ஜூன் 19, வெள்ளி

பாப்பா பரவால்ல. இட்லி பாதி தின்னா.

மில்லுல கேவலம். காலைல ரெண்டு பில் சீட்டும் செத்துக் கெடக்கு. சர்வர் திரையில எழுத்தா ஓடுது, டிஸ்க்க செக் பண்ணுதாம், முக்கால் மணி நேரம். வெளிய கொல்லம் போற லாரி மூணு. டிரைவர் சேட்டன் ஜன்னல்ல தலைய விட்டு, "எந்தா மோளே, பில்லு ஆயில்லே?" பில் ஆகலையான்னு அஞ்சு தடவ. கடைசியில பில் புக் எடுத்துக் கையால எழுதுனேன். கார்பன் மையெல்லாம் சேலைல.

அந்த நேரம் பாத்து முதலாளி, பின்னாலயே கணேசன்.

"நான் சொன்னேம்லா மாமா? ஒரு தலை விழுந்தா அத்தன ஒடம்பும் விழுந்துரும். ரெண்டு பெட்டிக்கே இப்படின்னா ஏழுக்கு?" அப்புறம் கொரலத் தாழ்த்தி, எனக்குக் கேக்குற அளவுக்குத் தாழ்த்தி, "புள்ள பெத்த பொம்பளைக்கு மறதி வரும் மாமா, எதையாவது விட்டிருக்கும்."

முதலாளி பில் புக்கப் பொரட்டிப் பாத்தார். "பாப்போம். திங்கக்கெழம சொல்லுதேன்." அவர் பாப்போம்னா இல்லன்னு அர்த்தம்.

மதுரை எஞ்சினியர் போன்ல, "நேத்து ராத்திரி கரண்ட் போச்சா மேடம்?" இல்லன்னேன். அடிச்சுச் சொன்னேன். அப்ப பெட்டிதான் கோளாறு, நான் தேர்ந்தெடுத்ததே தப்புன்னு நெனச்சுக்கிட்டேன்.

ராத்திரி இத எழுதத் திருப்புறேன், நேத்துப் பக்கம். என் கையெழுத்து. "மெயின் ஆஃப்."

நான்தான்.

மில்லுல எப்பவோ தூள் குவியல்ல பொறி விழுந்து ஒரு ஷெட் எரிஞ்சுது. அன்னைல இருந்து கடைசி ஆள் மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் போகணும். கை தானா போகும். சர்வர் மட்டும் ராத்திரி பூரா ஓடணும், இல்லாட்டி மொறையா நிறுத்தணும். திங்கக்கிழமை அத ஏத்துனவ நான், பேச்சியப்பன் அண்ணாச்சியத் தடுக்கணும்னு புதன் வரைக்கும் பின்னாலயே நின்னவ நான். என்னையே தடுக்க மறந்துட்டேன்.

யாருக்கும் தெரியாது. எல்லாரும் பெட்டியத்தான் திட்டுறாங்க. பேசாம இருந்தா பெட்டி போகும், நான் தப்பிப்பேன். சொன்னா பெட்டி தப்பிக்கும், "மறதி" என் நெத்தியில ஒட்டும்.

பாப்பா தூக்கத்துல சிரிக்கா. எதுக்குன்னு தெரியல.

ஜூன் 20, சனி

தூங்கல. ஏழு மணிக்கே மில்லு. எஞ்சினியர்கிட்ட முதல் வார்த்தை, "நேத்து பொய் சொல்லிட்டேன் சார், தெரியாம." அவர் சிரிச்சார். இதுக்கு வழி இருக்காம். நான்தான் மில்லு வழக்கத்த முதல்லயே அவர்கிட்டச் சொல்லிருக்கணும்.

செஞ்சது: சாயங்காலம் ஏழரைக்கு சர்வர் தானா மொறையா அணையும். எட்டு மணிக்கு மில்லு மூடி மெயின் போனா போகட்டும். காலைல மெயின் போட்டதும் தானா எந்திரிக்கும்.

நேரத்த மாத்தி வச்சு அஞ்சு தடவ சோதிச்சேன். மெயின் ஆஃப், மெயின் ஆன். அஞ்சு தடவயும் மூணு நிமிஷத்துல பில் திரை.

பேச்சியப்பன் அண்ணாச்சி வாசல்ல. "ஏ பிள்ள, சுவிட்சோட என்ன வெளையாட்டு?"

சொன்னேன். எல்லாத்தையும்.

ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியத் தொடச்சார். "சொல்லாத. அவன் ஒன்னய வச்சுக் கும்மியடிச்சிருவான். வேணும்னா நாந்தான் ஆஃப் பண்ணுனேன்னு சொல்லிக்கிடுதேன்."

"நீங்க கல்யாணத்துல இருந்தியள்லா அண்ணாச்சி."

"ஆமாலே"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டார். "நாலு எலை சாப்பாடு, பாயசம் ரெண்டு."

அவர் சொன்னது பாசம்தான். ஆனா வேண்டாம். மறதிதான், ஒரு நாள், நூத்தி ரெண்டு டிகிரியில. கணேசன் வருசம் பூரா அவன் கடை பில்லுல சீல் வைக்க மறக்கான், அவன் புள்ளையா பெத்தான்?

ஜூன் 21, ஞாயிறு

சாரல் விட்டிருக்கு. துணி காஞ்சுது!

நாளைக்கு விடியுமுன்னே பாப்பாவ அத்தைகிட்ட விட்டுட்டு ஐந்தருவி போறேன். ஆம்பளைங்க பக்கம் போக முடியாது. கார் நிக்குற எடம் எல்லாருக்கும் பொது. தலை நனையறதுக்கு முன்னாடி இது அவர் கையில இருக்கணும். அத்தை நல்ல தாள் வாங்கிட்டு வந்திருக்காங்க, கோடு போட்டது. அதுல எழுதுனது அப்படியே இங்கயும்:

"முதலாளி அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை பில் நின்றது பெட்டியால் அல்ல. வியாழன் மாலை சர்வரை நிறுத்தாமல் மெயினை அணைத்தது நான். பாப்பாவுக்குக் காய்ச்சல், அவசரம். அதற்கு மன்னிக்கவும். அதற்கு மட்டும்.

இனி யார் மெயினை அணைத்தாலும் பில் நிற்காது. உங்கள் தீ வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை, மெஷினைத்தான் அதற்கு மாற்றியிருக்கிறேன். நீங்களே வந்து அணைத்துப் பாருங்கள். கணேசன் போடும் ஏழிலும் ஃபேன் உண்டு, ஆறு மாதத்தில் அதே தூள். அதைத் தட்ட நான் இனி வர மாட்டேன். இந்தப் பெட்டிகள் வந்தால் அவற்றின் பொறுப்பு என்னுடையது. வேறு யாருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து பெட்டியை எடுக்க வருகிறார்கள். 'பாப்போம்' வேண்டாம். உண்டு அல்லது இல்லை, ஒரே ஒரு வார்த்தை. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."