ஆஸ்லின் சாப்பிட்டாளா?

அத்தானுக்கு,

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் துபாய்க்குப் போகும்போது கடலைமிட்டாய் டப்பாவில் விட்டுச்சென்ற தாவும் சிலந்தியை ஈ பிடித்துப் போட்டு வளர்த்தேன். அது தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்க்கும். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நாம் வெறுங்கையோடு திரும்பிய பிறகு நீங்கள் அப்படிப் பார்த்ததில்லை.

நேற்றும் ஸ்பீக்கரில், "ஆஸ்லின் சாப்ட்டாளா?" என்று அதைத்தான் விசாரித்தீர்கள். அடுத்த வீட்டு ஜெயஷீலா அக்கா, "ஏட்டி, யாரு அது ஆஸ்லின்?" என்று கேட்டாள்.

"பூச்சி, அக்கா" என்றேன்.

ஞானஸ்நானத்துக்கு நாம் எடுத்து வைத்திருந்த பேர். அதைச் சிலந்திக்கு வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இன்று காலை சிலந்தியைப் பருத்திக் காட்டில் விட்டுவிட்டேன். பேரை நான் வைத்துக்கொண்டேன்.

அவளுடைய அம்மா