அம்மா சொல்லிட்டாங்க

இன்று காலை சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப் பையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியதும் மெழுகு உருகும் வாசனை கிளம்பியது. நம் கடைக்குட்டி கெசியா எப்போதோ என் பையில் போட்டு வைத்த பச்சை கிரேயான் துண்டு. வெள்ளைத் துணியில் பச்சையாக ஒரு வட்டம் விரிந்தது. சட்டை போயிற்றே என்று முதலில் தோன்றவில்லை. இது உன் வாசனை ஆயிற்றே என்றுதான் தோன்றியது. உன் நைட்டிப் பையில் எந்நேரமும் இரண்டு மூன்று கிரேயான்கள் கிடக்கும். நீ பக்கத்தில் வந்தால் தாளிப்பு வாசனையோடு இந்த மெழுகு வாசனையும் சேர்ந்து வரும். பிள்ளைகள் கையில் கிடைத்ததையெல்லாம் உன் பையில்தான் போடுவார்கள். நீ இருந்தவரை என் பையில் யாரும் எதையும் போட்டதில்லை. அதற்குக்கூட உன்மேல் எனக்குப் பொறாமை உண்டு.

சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டாக ராத்திரி முழுக்க ஆடிய உடம்போடு விழுப்புரத்தில் இறங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வண்டி பிடித்துத் திண்டிவனம் வருவேன். அதற்குள் நம் தெருப் பிள்ளைகளையெல்லாம் பள்ளி வேன்கள் அள்ளிக்கொண்டு போயிருக்கும். வீடுகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும். நம் வீட்டில் மட்டும் பாட்டுச் சத்தம் கேட்கும். பாட்டு முடிந்தால் மனப்பாட வசனம், அது முடிந்தால் கேப்பைக் கூழ், அதற்கும் பிறகு சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதன் அடியில் நீங்கள் நாலு பேரும் உட்கார்ந்துகொண்டு கதை படிப்பீர்கள். நான் கதவைத் திறந்ததும் போர்வைக்குள்ளிருந்து ஜோயலின் தலை மட்டும் வெளியே வரும். "அப்பா, ஷூ சத்தம் போடாதீங்க. சிங்கம் தூங்குது."

என் வீட்டுக்குள் நான் திருடனைப் போல் நுனிக்காலில் நடப்பேன். நீ போர்வைக்குள்ளிருந்தே, "தோசை மாவு இருக்குது, ஊத்தித் தரட்டுங்களா?" என்று கேட்பாய். கேட்கிற குரலில் சிங்கத்தின் கர்ஜனை மிச்சமிருக்கும். வேண்டாம், தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பேன். கதவை மட்டும் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பேன்.

அப்படி ஒன்றும் பெரிதாகத் திட்டம் போட்டு நாம் தொடங்கவில்லை. மூத்தவள் பெனிட்டா எல்.கே.ஜி.யைப் பாதி முடித்திருந்தபோது, இனி நானே வீட்டில் வைத்துச் சொல்லித் தருகிறேன் என்றாய். நீ பி.எட். படித்தவள். சபையில் இன்னொரு குடும்பமும் அப்படிச் செய்கிறது என்றாய். பிள்ளைகளுக்குப் போதிப்பது பெற்றவர்கள் வேலை என்று வேதத்தில் ஒரு வசனத்தையும் எடுத்துக் காட்டினாய். ஒரு வருஷம்தானே, பார்ப்போம் என்று தலையாட்டினேன். ஜோயல் பிறந்து, கெசியாவும் பிறந்து, அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை.

வாசலில் கீரை வாங்கும்போது, "இன்னிக்கும் லீவாம்மா?" என்று கீரைக்காரம்மா தினமும் கேட்பார். நீ தினமும் சிரித்துவிட்டு, "எங்களுக்கு இதுதாங்க ஸ்கூலு" என்பாய். உடனே ஜோயலைக் கீரைக்கட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்வாய். அந்தம்மா வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். ஜோயல் திருத்துவான். தெருவே உங்களோடு சேர்ந்து விளையாடியது. டூட்டி இல்லாத காலையில் நான் எழுந்து பல் தேய்த்துக்கொண்டு இதையெல்லாம் யார் வீட்டுக் கல்யாணத்தையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நான் டூட்டியில் இருந்த ஒரு நாள், பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு மண்டகப்பட்டுக் குகையைப் பார்க்கப் போனாய். செங்கல்லும் மரமும் இல்லாமல் ஒரு ராஜா பாறையைக் குடைந்த கதையை அங்கேயே உட்கார்ந்து சொல்லியிருக்கிறாய். அந்தக் கதை எனக்கும் தெரியும். ஆனால் அங்கே ஒரு குரங்கு எதையோ செய்திருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டில் யாராவது "மண்டகப்பட்டு" என்றால் போதும், நாலு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். என்ன என்று கேட்டேன். பெனிட்டா சொல்லத் தொடங்கி, சிரிப்பில் மூச்சு முட்டி, "சொன்னா புரியாதுப்பா, நீங்க அங்க இருந்திருக்கணும்" என்றாள். நான் அங்கே இல்லை. அதுதான் விஷயம். நீ எல்லா இடத்திலும் இருந்தாய்.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக நன்றி சொல்வார்கள். அம்மா செய்த பீட்ரூட் பொரியலுக்காக, அம்மா மடிக்காக, தொட்டியில் முளைத்த வெண்டைக்காக. என் பேரும் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். ஜோயல், "அப்பாவோட ரயிலுக்காக" என்பான். ரயிலுக்குத்தான். ஆமென் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் பின்தங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜோயலை மட்டும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்கென்று சொல்லித்தர ஒரு விஷயமாவது இருக்கிறதே என்ற நினைப்பு. ஒரு சரக்கு வண்டி கடந்துபோனது. கடைசிப் பெட்டியில் தொங்கும் எல்.வி. பலகையைக் காட்டி, இது எதற்குத் தெரியுமா என்று ஆரம்பித்தேன். "தெரியும்பா. இது இருந்தாத்தான் வண்டி முழுசா வந்திருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா நடுவுல எங்கியோ பெட்டி கழண்டு நின்னுபோச்சுன்னு ஸ்டேஷன் மாஸ்டர் கண்டுபிடிச்சிடுவாரு. அம்மா சொல்லிட்டாங்க."

பச்சைக் கொடியைப் பற்றிச் சொன்னேன். அதையும் அம்மா சொல்லிவிட்டார்கள். கைவிளக்கைப் பற்றியும் அம்மா சொல்லிவிட்டார்கள். அதெல்லாம் கல்யாணமான புதிதில், இதே பிளாட்பாரத்தில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்து நான் உனக்குச் சொன்னவை. நீ கேட்டாயா இல்லையா என்றுகூட அன்று எனக்குத் தெரியாது. ஒரு சொல் குறையாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்து அவனுக்குக் கொடுத்திருக்கிறாய். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. என் தொழிலையும் நீயே சொல்லிக் கொடுத்துவிட்டால், நான் என்ன சொல்லிக் கொடுப்பது?

விக்கிரவாண்டியிலிருந்து பெரியண்ணன் வந்திருந்தபோதுதான் அது வெளியே வந்தது. அவர் எப்போதும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னார். "இன்னாடா இது, புள்ளைங்கள வூட்லயே கட்டி வெச்சிக்கினு. நாலு பசங்களோட பழக வேணாமா? நாளைக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு கேட்டா பேஜாராப் பூடும்." வழக்கமாக நான் உன் பக்கம் பேசுவேன். அன்று, அண்ணன் சொல்வதும் சரிதான், ஜூனில் சேர்த்துவிடலாம் என்றேன். பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி நிறையப் பேசினேன். அண்ணன் கிளம்பிப் போனார். காபி டம்ளர்களை எடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"அடுத்த வாரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் அனந்தபுரம் போறேன். அந்த ஒரு வாரம் நீங்க நடத்துங்க. வந்த பிறகு பேசிக்கலாம்" என்றாய்.

லீவு போட்டேன். கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மணி இல்லாததால் எவர்சில்வர் தட்டை அடித்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். பாவம், என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று முடிவெடுத்தவர்களைப் போல் அவ்வளவு அடக்கமாக இருந்தார்கள். மதியம் வரைக்கும் கணக்கு நடத்தினேன். ஜோயல் கையைத் தூக்கி, "எப்பப்பா படிக்க ஆரம்பிப்போம்?" என்று கேட்டான். பெனிட்டா அவன் தொடையில் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "பரவாயில்லப்பா. அம்மா வந்தா சரியாயிடும்" என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம்.

மேஜையில் போர்வையைத் தொங்கவிட்டும் பார்த்தேன். எனக்கு முதுகு வளையவில்லை. சிங்கத்துக்குக் குரல் கொடுத்தேன். கெசியா அழுதுவிட்டாள். அது பயத்தில் வந்த அழுகை இல்லை, இது வேறு சிங்கம் என்ற அழுகை.

நீ திரும்பி வந்த அன்று பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. கூடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். மூன்று பேரும் உன்மேல் விழுந்து ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்பா என்ன சொல்லித் தந்தார் என்று கேட்டாய். ஜோயல் நன்றாக யோசித்து, "அப்பா தட்டு அடிச்சாங்க" என்றான். நீ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அந்த நாலு பேர் குவியலில் எனக்கு இடம் எங்கே என்று நின்றுகொண்டே தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு வயிற்றுவலி வந்தது. கணையத்தில் கட்டி என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் திண்டிவனத்துக்குமாக அலைந்தோம். வீட்டில் இருக்கிற நாட்களில் நீ கட்டிலில் படுத்தபடியே பாடம் நடத்தினாய். போர்வைக் கூடாரம் மேஜையிலிருந்து கட்டிலுக்கு மாறியது. நான் மருந்தும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு வந்தால், பெனிட்டா என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். உன் வலியைக்கூட அவர்கள்தான் முதலில் தெரிந்துகொண்டார்கள். அதற்கும் பொறாமைப்பட முடியுமா என்று நீ கேட்கலாம். முடிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் உன் அம்மாவோடு கீழே சாப்பிடப் போயிருந்தபோது, நீ என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாய்.

"நான் போன பிறகு ஸ்கூல்ல சேத்துடுங்க. வருத்தப்பட்டுக்கினு இருக்காதீங்க."

அப்படியெல்லாம் பேசாதே என்றேன். வசனம் காட்டினாயே, ஆண்டவர் நடத்துகிற வழி என்றாயே என்றும் கேட்டேன்.

"அதும் நெசந்தான். ஆனா பெனி எல்.கே.ஜி. போனப்ப சாயங்காலம் வந்து மிஸ் மிஸ்ஸுன்னே பேசிக்கினு இருப்பா. மிஸ் புடவ, மிஸ் கம்மல், மிஸ் சொன்னாங்க. எனக்கு வயிறு எரியும். எம்புள்ள எனக்கு வேணும்னு இருந்துது. அந்த ஆசைதாங்க. பேராசைன்னு வெச்சிக்கோங்க." பிறகு என் விரலை அழுத்தி, "உங்களுக்கும் எரிஞ்சிது, இல்ல? எனக்குத் தெரியும். ஆனாலும் நான் விட்டுக் குடுக்கல" என்றாய்.

சிரித்தோமா அழுதோமா என்று எனக்கு இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நாம் இரண்டு பேரும் ஒன்றாக ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். பிள்ளைகள் படியேறி வருகிற சத்தம் கேட்டதும் நீ என் கையை விட்டுவிட்டு அவர்களுக்காகத் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு ஒரு சாயங்காலம், மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். கெசியா திடீரென்று "மண்டகப்பட்டு" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு அழுதார்கள். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன். உள்ளே போய்ச் சேர்ந்துகொள்ள எனக்கு வழி தெரியவில்லை. நான் இழந்ததும் அவர்கள் இழந்ததும் ஒரே ஆளாகத் தெரியவில்லை. அவர்களுடையது பெரிய ஆள்.

ஜூனில் நீ சொன்னபடியே சேர்த்தேன். விழுப்புரத்திலேயே ஆபீஸ் வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பகலில் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன். பெனிட்டாவுக்குத் தோழிகள் கிடைத்துவிட்டார்கள். ஜோயல் முதல் வாரம் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து படித்ததாகப் புகார் வந்தது. இப்போது மேலே உட்காருகிறான். கெசியாவுக்குப் பள்ளிக்கூடம் ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கு எல்லாமே மிஸ்தான்.

போன வாரம் அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வாழை என்று எழுதி, ழ-வில் விரலை வைத்து, "இது சிறப்பு ழ. மிஸ் சொன்னாங்க" என்றாள். எனக்கு எரிந்தது. இந்த முறை உனக்காக எரிந்தது.

"அம்மா இதுக்கு ஒண்ணு சொல்வாங்களே, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன்.

பென்சிலைக் கன்னத்தில் தட்டி யோசித்தாள். "இல்லப்பா" என்றாள். வருத்தம் எதுவும் இல்லாமல், அழி ரப்பர் எங்கே என்று கேட்பதுபோல் சொன்னாள். நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

சொன்னேன். "ல இருக்குதே, அது சோம்பேறி. பல்லுக்குப் பின்னாடி சாஞ்சி உக்காந்துக்கும். ள மாடிக்கு ஏறிப் போய்க் கதவத் தட்டிட்டு வரும். ழ பாதிப் படி ஏறும். வெக்கம் வந்துடும். யாரையும் தொடாம அப்படியே சுருண்டுக்கினு திரும்பிடும்."

கெசியா வாயைத் திறந்து நாக்கைச் சுருட்டினாள். வாழை, வாழை என்று சொல்லிப் பார்த்தாள். உள்ளேயிருந்து பெனிட்டா வந்து கதவருகில் நின்றாள். 

"இது உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நீங்க அப்ப தூங்கிக்கினு இல்ல இருந்தீங்க?"

தூங்கவில்லை என்றேன்.

நீங்கள் படிக்கும்போது நான் ஒருநாளும் தூங்கவில்லை; கதவு திறந்தேதான் இருந்தது. நீ ஜோயலுக்கு நாக்கைப் பற்றிச் சொன்னது, மழை எங்கிருந்து வருகிறது என்று சொன்னது, செத்துப்போன அணிலை மண்ணில் புதைத்துவிட்டு அவர்களிடம் என்ன சொல்லி அழுகையை நிறுத்தினாய் என்பது, ஒவ்வொரு கதையிலும் எந்த இடத்தில் நிறுத்தி அவர்களைத் தவிக்கவிடுவாய் என்பது, எல்லாம் என்னிடம் இருக்கின்றன. மடியில் உட்கார்ந்து கேட்டவர்கள் பாதியை விட்டுவிடுவார்கள். பொறாமையோடு கேட்டவன் எதையும் விடமாட்டான்.

"அப்புறம் அம்மா இன்னா சொன்னாங்க?" என்று கெசியா கேட்டாள். அதிலிருந்து தினமும் கேட்கிறாள். ஜோயலும் வந்து உட்கார்ந்துகொள்கிறான். பெனிட்டா நான் சொல்வதை நடுவில் திருத்துகிறாள். பெரும்பாலும் நான்தான் சரியாகச் சொல்லியிருப்பேன். மூன்று பேரும் என்னைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். ஆனால் நான் பேசும்போது அவர்கள் கண் என் முகத்தில் இல்லை. என் வாய் வழியாக உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொல்லி முடிக்கும்வரை அந்த எரிச்சல் இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் எப்போது வரும் என்றும் இருக்கிறது.